ஃபியூஸ் இருந்த இடம்

“மறந்துட்டேன் மேடம். அவ்வளவுதான்.”

கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் அதை மூன்றாவது முறையாகச் சொன்னார். நேற்று போலீஸிடமும் இதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாக்குமூலத்தின் நகல் ஸ்டெனோவின் கைப்பைக்குள் இருந்தது.

ஸ்டெனோ என்பது அவருடைய பழைய வேலை. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, ஒரு சொல் பிசகாமல் டைப் அடித்தவர். ஓய்வு பெற்றபின் துப்பறியும் தொழிலுக்கு வந்து வாசலில் புதுப் பலகை மாட்டினார். பலகையை யாரும் படிக்கவில்லை. பழைய பெயரே நின்றுவிட்டது.

“கம்ப்ரஸருக்கு ஃபியூஸ் எங்க போடணும்?” என்று கேட்டார்.

“பேட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள.”

“இதுவரைக்கும் எத்தனை வண்டிக்கு வெச்சிருப்பீங்க?”

“நூத்தம்பது இருக்கும்.”

“அதுல எத்தனைக்கு ஃபியூஸ் போட மறந்தீங்க?”

“இது ஒண்ணுதான்.” ஃபிட்டர் தலையைத் தூக்கினார். “ஒண்ணு போதாதா மேடம்?”

பக்கத்தில் நின்ற பிரேக் தொண்டையைச் செருமினார். ஸ்டெனோவின் உதவியாளர். பதினெட்டு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் இடது சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்பவர்களின் தப்புக்கெல்லாம் தன் காலால் பிரேக் போட்டவர். இப்போது எங்கே எதற்கு அதிர்ந்தாலும் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். பெயர்க்காரணம் அது.

“வக்கீல் வைக்கலாமே?” என்றார் பிரேக்.

“வேண்டாம். நாளைக்குக் காலையில ஜட்ஜ் கேட்டா ஒத்துக்குவேன். முடிஞ்சுது.” ஃபிட்டர் ஸ்டெனோவைப் பார்த்துச் சொன்னார்: “என் வீட்டுக்காரியை இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க மேடம். வயித்துல தையல் இன்னும் பிரிக்கல. படியேறி இறங்கக் கூடாது.”

வழக்கு கடினமானது இல்லை. ஒரு சர்வேயர் தன் ஃபோர்-வீல் வண்டியை, காற்றடிக்கும் கம்ப்ரஸர் வைக்க, ஃபிட்டர் வேலை பார்க்கும் வொர்க்‌ஷாப்பில் விட்டார். மணலில் இறங்கும்போது டயர் காற்றைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டும், தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்ப வேண்டும். ஆளில்லாத வெளியில் பங்க்சர் கடையைத் தேட முடியாது என்பதால் பானெட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்ரஸர். போன வியாழக்கிழமை வண்டி அவர் கைக்குப் போனது. ஞாயிறு மதியம் அவர் மணல்வெளியிலிருந்து திரும்பும்போது, பேட்டரியிலிருந்து புறப்பட்ட வயர் ஒரு தகட்டில் உரசி உரிந்து ஷார்ட் ஆனது. கேபினுக்குள் புகை. அடுத்த வளைவில் வண்டி உருண்டது. நாற்பத்தொரு வயது, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பேட்டரிப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது எரிந்து, வயர் செத்து, சர்வேயர் பிழைத்திருப்பார்.

ஒத்துக்கொண்டால் ஃபிட்டருக்கு இரண்டு வருஷமாவது கிடைக்கும். நாளை காலை பத்து மணி வரைதான் நேரம்.

காரில் ஏறியதும் ஸ்டெனோ வாக்குமூலத்தை எடுத்தார்.

“பிரேக், இதுல ஒரு ‘ஞாபகம் இல்ல’ கூடக் கிடையாது.”

“அதனால?”

“நிஜம் சொல்றவங்க தடுமாறுவாங்க. ஞாபகம் இல்லீங்க, அப்பதான்னு நினைக்கிறேன், ரெண்டா மூணான்னு தெரியல... ஒரு பக்கத்துக்கு நாலு வரும். டைப் அடிச்சு என் விரல் தேஞ்சிருக்கு. இவர் ஒண்ணரைப் பக்கம் பேசியிருக்கார், வழுக்கிக்கிட்டுப் போகுது.”

“நானும் என் வீட்ல வழுக்கிக்கிட்டுத்தான் பேசுவேன். யாரும் நம்புறதில்ல.”

“உங்களை நம்பாததுக்கு அவங்ககிட்ட வேற காரணம் இருக்கும். யார்டுக்கு விடுங்க.”

யார்டு என்பது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. விபத்து வண்டிகள் வரிசையாக நின்றன. காவலர் ஒருவர் சாவியோடு வந்து, தள்ளி நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

வண்டியின் கூரை அமுங்கிப் போயிருந்தது. முன்கண்ணாடி இல்லை. சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு, இரண்டு முனையும் சீவிய பென்சில், மணல் ஒட்டிய அளவு நாடா. பிரேக் கதவைத் திறந்தவர் சற்று நேரம் உள்ளே ஏறவில்லை. வலது கால் மட்டும் ஒருமுறை மண்ணை மிதித்தது.

“இவர் கடைசியில பிரேக்கைத் தேடியிருப்பார் மேடம். புகையில கால் எங்க போச்சோ.”

“முதல்ல பானெட்டைப் பாருங்க,” என்றார் ஸ்டெனோ மெதுவாக.

பானெட்டைத் தூக்கினார்கள். கம்ப்ரஸர் இஞ்சினுக்கு இடது பக்கம், ஒரு இரும்புப் பிராக்கெட் மேல், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வண்டி நாலு முறை உருண்டும் ஒரு போல்ட் தளரவில்லை. காற்று ஹோஸ் சூடான இடங்களை விட்டு விலகி, தளர்வாக வளைந்து முன் பம்பருக்குப் போனது. பிரேக் அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

“மனுஷன் வேலைக்காரன். கும்பிடலாம்.”

பேட்டரியில் தொடங்கிய வயர் கறுகிப் போயிருந்தது. இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு துளை. அதன் விளிம்பில் கத்தி மாதிரிப் பிசிறு. கறுப்பு அங்கே முடிந்தது.

“பேட்டரியில இருந்து துளை வரைக்கும் எரிஞ்சிருக்கு. ஃபியூஸ் கிடையாது. போலீஸ் சொன்னது சரி,” என்றார் பிரேக்.

“வயர் ஏன் கேபினுக்குள்ள போகுது? கம்ப்ரஸர் இந்தப் பக்கம்தானே இருக்கு?”

பிரேக் கேபினுக்குள் போய்ச் சீட்டில் மல்லாக்கப் படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. சத்தமே இல்லை. பேசாத பிரேக்கை ஸ்டெனோ வருஷத்துக்கு இரண்டு முறைதான் பார்ப்பார்.

“மேடம், நீங்களே வந்து பாருங்க.”

“என் முதுகுக்கு அது ஆகாது. சொல்லுங்க.”

“ஃபியூஸ் இருக்கு.”

“எங்க?”

“ஸ்விட்ச்சுக்குப் பக்கத்துல. நாலு விரல் தூரம். எரியல. புத்தம் புதுசா, பளபளன்னு இருக்கு.”

ஸ்டெனோ வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். “அங்க இருந்தா என்ன?”

“அங்க இருந்தா ஒண்ணும் இல்ல. வண்டியோட உடம்பு முழுக்க நெகட்டிவ் மேடம். வயர் எங்க உரசினாலும் ஷார்ட். அதனாலதான் ஃபியூஸ் பேட்டரி வாசல்லயே நிக்கணும். இது வீட்டு வாசல்ல நிறுத்த வேண்டிய காவலாளியைக் கொல்லைப்புறத்துல நிறுத்தின மாதிரி. திருடன் முன்வழியா வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டான், காவலாளி சட்டை கூடக் கசங்கல.”

“ஃபிட்டர் ‘போட மறந்துட்டேன்’னார்.”

“மறக்கல. போட்டிருக்கு. இடம்தான் தப்பு.”

“அப்படின்னா,” ஸ்டெனோ ஒவ்வொரு சொல்லாக வைத்தார், “இங்க ஒரு ஃபியூஸ் இருக்கறதே அவருக்குத் தெரியாது.”

பிரேக் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில், கம்ப்ரஸர் வந்த அட்டைப்பெட்டி நசுங்கிக் கிடந்தது. ஸ்டெனோ அதைக் கைநீட்டி எடுத்துக் கவிழ்த்தார். பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ரிலேயும், துளைக்குப் போடும் ரப்பர் வளையமும் விழுந்தன.

“இது இல்லாம யாராவது வைப்பாங்களா?”

“மாட்டாங்க. பெரிய கரண்ட் பானெட்டுக்குள்ளேயே இந்த ரிலே வழியாப் போயிடும். உள்ள இருக்கற ஸ்விட்ச்சுக்கு நூல் மாதிரி ஒரு வயர் போதும். இவன் மொத்த கரண்டையும் கேபினுக்குள்ள கூட்டிட்டு வந்து, ஸ்விட்ச்சுல கொண்டு போய் விட்டு, திரும்ப வெளிய அனுப்பியிருக்கான்.”

“வேலை தெரியாதவன்.”

“அதான் இல்ல.” பிரேக் மறுபடி டார்ச்சை அடித்தார். “எரியாத பாதி வயரைப் பாருங்க. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ஓடுது. ஒவ்வொரு திருப்பமும் சதுரமா மடிஞ்சிருக்கு. வண்டி வேலை பாக்குறவன் வயரை இப்படி மடிக்கவே மாட்டான், லூஸா வளைச்சு விடுவான். ஆடுற பொருளாச்சே. இவன் ஆடாத இடத்துல வேலை பார்த்துப் பழகினவன்.”

“சுவர்,” என்றார் ஸ்டெனோ.

“சுவர்தான். வீட்டு வயரிங்காரன். வீட்ல ஃபியூஸ் எங்க இருக்கும்? ஸ்விட்ச் போர்டுல. அதே கை, அதே பழக்கம்.”

ஸ்விட்ச்சுக்குக் கீழே வெள்ளை டேப்பில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. நீல பால்பாயிண்ட் பேனாவில், குண்டு குண்டான எழுத்தில், ‘காற்று’. அடியில் நேராக ஒரு கோடு. ஸ்டெனோ அதைத் தொடவில்லை. பிரேக்கைப் போட்டோ எடுக்கச் சொன்னார். காவலரைக் கூப்பிட்டு ஃபியூஸையும் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன்,” என்றார். அது ‘நாளைக்குச் சொல்றேன்’ என்பது போலத்தான் கேட்டது.

வொர்க்‌ஷாப் முதலாளி வெளியூரில் இருந்தார். போனில் அவர் குரல் முதலில் கம்பீரமாக இருந்தது.

“அவன்தான் ஒத்துக்கிட்டானே. இன்னும் என்ன?”

“வியாழக்கிழமை ஃபிட்டர் எத்தனை மணிக்குக் கிளம்பினார்?”

“பதினொண்ணு. பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டா, குடல்வால், உடனே ஆபரேஷன்னு போன் வந்துச்சு. எனக்குச் சொல்லிட்டுத்தான் போனான்.”

“வேலை முடிஞ்சுதுன்னாரா?”

“பிராக்கெட்டும் ஹோஸும் முடிஞ்சுது, கரண்ட் வேலை பாக்கின்னான். சர்வேயருக்கு மறுநாள் விடிய கிளம்பணும். என்கிட்ட சத்தம் போட்டாரு. நான் ஃபிட்டருக்குப் போன் பண்ணி, எப்படியாவது முடிச்சுக் குடுன்னேன்.”

“அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும்போது.”

“நான் என்னம்மா பண்றது, கஸ்டமர்.”

“இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

“அவங்க கேக்கல,” என்றார் முதலாளி. இப்போது குரல் பாதியாக இறங்கியிருந்தது.

பிரேக் வண்டியை எடுத்தார். “ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்கற ஒருத்தர், பாதி வேலையை முடிக்க யாருக்குப் போன் பண்ணுவார்?”

“நம்புற ஆளுக்கு. சொன்னா மறுக்காத ஆளுக்கு. ஜெயிலுக்குப் போயாவது காப்பாத்தணும்னு நினைக்கிற ஆளுக்கு.”

“எனக்கு அப்படி யாரும் இல்ல மேடம்.”

“எனக்கும்தான். ரோட்டைப் பாருங்க.”

ஃபிட்டரின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. அவர் மனைவி வீட்டிலேயே வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். ஸ்டெனோவைத் தேடி வந்தது அவர்தான். நேற்று, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, தனியாக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். ‘என்ன செலவானாலும், நிஜம் எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம்’ என்றார்.

பிரேக் அழைப்பு மணிக்குக் கை நீட்டினார். வலது கால் தரையை மிதித்தது.

மணி ஸ்விட்ச்சுக்குக் கீழே வெள்ளை டேப். குண்டு எழுத்து. ‘மணி’. அடியில் ஒரு கோடு.

ஸ்டெனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அழுத்துங்க.”

கதவைத் திறந்தவன் முப்பதுக்குள் இருப்பான். முகம் தூக்கம் பார்த்து நாளானது. “வாங்க மேடம். மாமாவைப் பாத்தீங்களா? சாப்பிட்டாரா?”

“நீங்க?”

“என் தம்பி மேடம்,” என்றார் உள்ளே தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் மனைவி. “அப்பா அம்மா போனப்ப இவனுக்கு ஒம்பது வயசு. கல்யாணமானப்ப இவனையும் கூட்டிட்டுத்தான் வந்தேன். ‘எல்லாருக்கும் சீதனமா பீரோ வரும், எனக்குப் பெரிய பையனே வந்துட்டான்’னு இவன் மாமா சொல்லிச் சிரிப்பார்.”

“என்ன வேலை?”

“வீட்டு வயரிங். இப்ப மின்வாரியத்துல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். போலீஸ் நன்னடத்தை சர்டிபிகேட் மட்டும் பாக்கி.”

அதைச் சொல்லும்போது இத்தனை துக்கத்திலும் அவர் குரலில் சின்னதாக ஒரு பெருமை ஏறியது. பிரேக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஷினுக்கு மேலே ஸ்விட்ச் போர்டு. ‘விளக்கு’, ‘ஃபேன்’, ‘மெஷின்’, ‘அயர்ன்’. சுவரில் வயர்கள் ஸ்கேல் பிடித்தது போல் ஓடி, மூலைகளில் சதுரமாக மடிந்தன. ஸ்டெனோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார்.

“நிஜம் தெரியணும்னு கேட்டீங்க. இப்பவும் அதைத்தான் கேக்கறீங்களாம்மா? வேண்டாம்னா இப்பவே எழுந்து போயிடறேன்.”

“என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க. சொல்லுங்க.”

ஸ்டெனோ பிரேக்கின் போனை வாங்கி, மெஷின் பலகைமேல் வைத்தார். திரையில் வண்டியின் ஸ்விட்ச். அதன் கீழே ‘காற்று’.

ஃபிட்டர் மனைவி அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். மறுபடி போனை. அவசரமே இல்லை. அளவு சரியா என்று துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரர் ஃபியூஸ் போட மறக்கல. அந்த வயரை அவர் தொடவே இல்ல. பதினொரு மணிக்கு உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வந்துட்டார்.”

கீழே தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டு நின்றது.

“அன்னைக்கு நீ சாயந்திரம்தான் வந்தே,” என்றார் அவர், தம்பியைப் பார்க்காமல். “மயக்கம் தெளிஞ்சும் தெளியாம இருந்தேன். என் கையைப் பிடிச்சே. உன் கையில கிரீஸ் வாடை. உன் கையில எப்பவும் சுண்ணாம்புதானே இருக்கும், சுவத்தைக் குடையறவனாச்சே. ஏன் கிரீஸ்னு நினைச்சேன். மருந்து மயக்கம்னு விட்டுட்டேன்.” நிறுத்தினார். “இல்ல. மயக்கம்னு நானே வெச்சுக்கிட்டேன்.”

“அக்கா.”

“சொல்லு.”

“ரெண்டே ரெண்டு வயர்தான்டா, ஸ்விட்ச்சைப் போட்டு விட்டுடுன்னு மாமா போன்ல சொன்னாரு. ரிலேன்னும் சொன்னாரு. அது எதுக்குன்னு எனக்குப் புரியல. அவர் இருந்த நிலைமையில திரும்பக் கேக்க மனசு வரல. ஃபியூஸ் போட்டேன்க்கா. நான் போட்டேன். போடாம எந்த வேலையும் செஞ்சதில்ல.” அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். “ஞாயித்துக்கிழமை சேதி வந்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். மாமா வாசல்ல மறிச்சுட்டாரு. வேலையைக் கைமாத்தினது நான், என் தப்புன்னாரு. வாயே திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“யார் மேல?”

“உன் மேல.”

ஃபிட்டர் மனைவி கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

“என் மேல பண்ணின சத்தியம்தானே. அது என்னோடது. நான் எடுத்துக்கறேன்,” என்றார். “சட்டையை மாத்து.”

தம்பி நகரவில்லை. “அக்கா, திங்கக்கிழமை...”

“சர்வேயருக்கு ரெண்டு பொண்ணுங்கடா. அவங்க அப்பா எதனால செத்தாருன்னு அவங்களுக்குத் தப்பாச் சொல்லி வெச்சிருக்கோம். போய் சட்டையை மாத்து.”

அவன் உள்ளே போனான். பிரேக் ஜன்னலிலிருந்து திரும்பவேயில்லை. ஸ்டெனோ குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு நான் மறைக்கக் கூடாது. இவர் சொன்னதும் அவரை விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. இந்த வேலை தெரியாத ஆள் கையில அதைக் குடுத்தது அவர். பொய் வாக்குமூலம் குடுத்ததும் அவர். முதலாளியையும் கூப்பிடுவாங்க. ஆனா முதல் கேஸ் உங்க தம்பி மேலதான் வரும்.”

“இன்னைக்கே உள்ள வெச்சுப்பாங்களா?”

“வெச்சுக்கலாம்.”

“ரெண்டு பேரையுமா?”

“ஆமா.”

அவர் பலகையை ஊன்றி எழுந்தார். சமையலறை வாசலில் ஃபிட்டருக்காகக் கட்டிவைத்த சாப்பாட்டுப் பை இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். படி இறங்கக் கூடாது என்று ஃபிட்டர் சொல்லி அனுப்பியதை ஸ்டெனோ சொல்லவில்லை. தம்பி சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். கதவைப் பூட்டினார்கள். பிரேக் முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தார்.

நான்கு படி இறங்கியதும் அக்கா நின்றார். தையல் போட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குதாக்கா?”

அவர் அவனிடமிருந்து சாவியை வாங்கினார்.

“நீங்க வண்டிகிட்ட நில்லுங்க மேடம். ஒரு ஆளுக்குத்தான் சாப்பாடு எடுத்தேன். இவனுக்கும் கட்டிட்டு வந்துடறேன்.”